கடலில் கால் வைக்காமல்

காலி
09.03.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாயிருக்க அந்தோனியாரை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைப் பௌஸி நானா கொண்டுவந்து தருவார். காலியிலிருந்து கொழும்புக்கு மீன் வான் ஓட்டுகிறவர், நல்ல மனுசன். தமிழில் விலாசம் எழுதிய உறையைத் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. வழியில் எத்தனை பேர் பிரித்துப் பார்ப்பார்களோ. அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுங்கள்.

முதலில் திட்டி முடியுங்கள், பிறகு மிச்சத்தை வாசியுங்கள். ஐஸ் பக்டரியில் மெசின் பூட்டப் போகிறேன் என்று உங்களுக்குச் சொன்னது பொய். இங்கே துறைமுகத்தில் ஒரு பழைய பாய்ப்படகு நிற்கிறது. பெயர் சோஃபி. சொந்தக்காரர் ஹென்றிக் என்று ஒரு ஒல்லாந்துக் கிழவர். முழங்கால் வருத்தம் வந்து ஒரு வருசத்துக்கு மேல் படகை இங்கேயே கட்டிப்போட்டு வைத்திருந்தார். இப்போது கொச்சிக்குக் கொண்டுபோக வேண்டும், தனியாக முடியாது. இஞ்சின் பார்க்க என்னைக் கூட்டிப்போகிறார். கொச்சியில் அவருக்குத் தெரிந்த கப்பல் ஏஜென்ட் ஒருவர் இருக்கிறார், எனக்குக் கப்பலில் இஞ்சின் ரூம் வேலை எடுத்துத் தருவார். என் பெயர் படகின் ஆள்பட்டியலில் ஏறிவிட்டது. நேவி கையெழுத்தும் வைத்தாயிற்று. ஏப்ரல் முப்பது வரைக்கும் அது செல்லும். அதற்குப் பிறகு வாடைக்காற்று போய்ச் சோளகக்காற்று வந்துவிடும், கடல் கொந்தளிக்கும், ஒரு படகும் வெளியே போகாது. அக்கா, எனக்கு இந்த நாட்டை விட்டுப் போக இது ஒன்றுதான் வழி.

அந்தோனியாருக்கு வைத்த நேர்த்தியை நான் மறக்கவில்லை. கடல் தண்ணியில் கால் வைக்கமாட்டேன் என்றுதான் கொச்சிக்கடைக் கோயிலில் முழங்காலில் நின்று சொன்னேன். படகில் ஏறமாட்டேன் என்று சொல்லவில்லை. படகு கட்டுகிற ஜெட்டியிலிருந்து பலகையில் கால் வைக்கிறேன், பலகையிலிருந்து ஜெட்டிக்கு வருகிறேன். கால் காய்ந்தபடிதான் இருக்கிறது.

ஒரு சின்னச் சிக்கல். இஞ்சின் நல்லாய் வேலை செய்கிறது, புகை இல்லை, சத்தம் சுத்தம். ஆனால் படகு போகுதில்லை. முழு வேகம் கொடுத்தாலும் கர்ப்பிணிப் பெண் சந்தைக்குப் போகிற மாதிரி அசைகிறது. டீசல் பில்டராய் இருக்கும் என்று நினைக்கிறேன். நம்பர் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நீங்கள் வேலை செய்கிற உதிரிப்பாகக் கடையில் இருந்தால் நானாவிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி
யேசுரட்ணம்

*

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
12.03.1997

ரட்ணம்,

அன்புள்ள என்று எழுத இன்றைக்குக் கை வருகுதில்லை.

பொய்க்காரா! ஐஸ் பக்டரி குளிரும் என்று உனக்கு நான் பெட்டிக்குள் ஸ்வெட்டர் வைத்து அனுப்பினேன். நீயும் வாங்கிக்கொண்டு போனாய். காலிச் சூட்டில் அதைப் போட்டுக்கொண்டு திரி.

பலகையில் கால் வைக்கிறானாம்! அந்தோனியார் என்ன, நீதிமன்றத்து நீதவானா, உன் வாதத்தைக் கேட்டுக்கொண்டு இருக்க? நேர்த்தி ஏன் வைத்தோம் என்று நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, நான் ஞாபகப்படுத்துகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக் கடற்கரையில் ஊரெல்லாம் கரையில் நின்று கால் நனைக்க, துரை நீ மட்டும் தலை தெரியாத தூரத்துக்கு நீந்திப் போனாய். கரையேறும்போது பொலிஸ் நின்றது. அடையாள அட்டையில் மன்னார், பேசாலை. தொழில், படகு இஞ்சின் மெக்கானிக். கடற்புலி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். "எவ்வளவு நேரம் மூச்சடக்குவாய்?" என்று கேட்டுக் கேட்டே உன்னை உள்ளே வைத்திருந்தார்கள். நான் ஸ்டேசன் ஸ்டேசனாய் அலைந்து உன்னை வெளியே எடுக்கும்போது நீ இரண்டு கையாலும் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க வேண்டியிருந்தது. நீ கடலில் கால் வைப்பதில்லை, நான் மீன் வாயில் வைப்பதில்லை. அதுதான் பேச்சு. மூன்று வருசமாய்ப் பருப்பும் கத்தரிக்காயும் தின்று நாக்குச் செத்துக் கிடக்கிறேன். பேசாலையில் பிறந்தவள் நான், அதை யோசித்தாயா? முன்வீட்டு றோஸி சூடை மீன் பொரிக்கிற நேரம் நான் சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருக்கிறேன்.

பில்டர் அனுப்பியிருக்கிறேன். டீசல் ராங்கியின் அடியைப் பார், தண்ணியும் அழுக்கும் கிடக்கும். குழாயில் காற்றுப் பிடித்திருக்கிறதா பார். கியர்பெட்டி வழுக்குகிறதா? வேகம் கொடுக்கிற கேபிள் முழுதாய் இழுபடுகிறதா? புகைக்குழாய் கரியில் அடைத்திருக்கும், அதையும் கழற்று. ஒவ்வொன்றாய், ஆறுதலாய்ச் செய். அவசரம் ஒன்றுமில்லை.

உன் அக்கா
கொன்ஸ்ரன்ஸ்

*

காலி
18.03.1997

அன்புள்ள அக்கா,

ஸ்வெட்டரைத் தலைகாணியாக்கிப் படுக்கிறேன், வீணாகவில்லை.

பில்டர் மாற்றினேன், ராங்கி கழுவினேன், காற்று எடுத்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் உங்களுக்கு வேறு யாராவது சொல்லி அறிவதைவிட நானே சொல்கிறேன். முந்தாநாள் நேவிக்காரர் சோதனை ஓட்டம் வைத்தார்கள். துறைமுக வாயை விட்டு ஒழுங்காய் வெளியே போய்த் திரும்பி வந்தால்தான் பயணத்துக்கு விடுவார்கள். பெட்டி ஒபிசர் என்று நேவியின் சின்ன அதிகாரி ஒருவர் எங்களோடு ஏறினார், வெற்றிலை போடுகிற ஆள், வயது போனவர். பாதி வழியில் நீரோட்டம் எங்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டுபோனது, நேராய் நேவிப் படகுகள் கட்டியிருக்கிற பக்கம். நான் முழு வேகமும் கொடுத்தேன். இஞ்சின் கத்துகிறது, படகு கேட்குதில்லை. அங்கே நின்ற ஒருவன் துவக்கைத் தூக்கி எனக்கு நேரே பிடித்தான். "வெடி தியன்ட எப்பா!" என்று பெட்டி ஒபிசர் எழும்பி நின்று, சுட வேண்டாம் எனச் சிங்களத்தில் கத்தியபடியால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் அவர்களே கயிறு போட்டு இழுத்துக்கொண்டுவந்து விட்டார்கள்.

இன்னொரு தரம்தான் சோதனை தருவார்களாம். அதிலும் தவறினால் பட்டியலைக் கிழித்துவிடுவார்கள். பிறகு நான் கொட்டாஞ்சேனைக்கு வந்து, அடுத்த சுற்றிவளைப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்ஜெக்டர் முனைகள் இரண்டு அனுப்புவீர்களா? ஹென்றிக் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். நான் தேங்காய்ச் சம்பல் அரைத்துக் கொடுத்தேன், கிழவர் கண்ணால் தண்ணி ஓட ஓடச் சாப்பிடுகிறார்.

அன்புத் தம்பி
ரட்ணம்

*

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
22.03.1997

அன்புள்ள தம்பி,

துவக்கு என்ற இடத்தோடு கடிதத்தை மடித்துவிட்டேன். மிச்சத்தைக் கடை பூட்டி வீட்டுக்கு வந்துதான் வாசித்தேன்.

இன்ஜெக்டர் முனை அனுப்பியிருக்கிறேன். பூட்டிப் பார். சரிவராவிட்டால் கியர்பெட்டியைக் கழற்றித் தட்டுகள் தேய்ந்திருக்கிறதா என்று பார். அதற்கும் நாள் எடுக்கும், எடுக்கட்டும்.

நேற்று விடிய எங்கள் தெரு ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். வீடு வீடாய் ஏறி ஆண்களை எல்லாம் கோயில் மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். உன் பெயர் எங்கள் வீட்டுப் பொலிஸ் பதிவில் இருக்கிறது. "கோ மல்லி?" என்று ஒரு பொலிஸ்காரன் கேட்டான், தம்பி எங்கே என்று. வேலைக்குக் காலிக்குப் போயிருக்கிறான் என்றேன். என்ன வேலை என்றான். ஐஸ் பக்டரி என்றேன். உன் பொய்யை நான் காவிக்கொண்டு திரிகிறேன், பார்த்தாயா?

பெரிய வெள்ளிக்கு வீட்டுக்கு வா. கொச்சியும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். தையல் மெசின் திருத்துகிற இடத்தில் உனக்கு இன்னும் வேலை இருக்கிறது, நான் கேட்டேன். தையல் மெசினை ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள்.

உன் அக்கா
கொன்ஸ்ரன்ஸ்

*

காலி
01.04.1997

அன்புள்ள அக்கா,

பெரிய வெள்ளிக்கு வராததற்கு மன்னியுங்கள். பஸ்ஸில் ஏறினால் திரும்பி வரமாட்டேன் என்று பயமாயிருந்தது.

இன்ஜெக்டர் மாற்றினேன். கியர்பெட்டி கழற்றினேன், தட்டுகள் புதுசு மாதிரி இருக்கின்றன. புகைக்குழாய் கழற்றிக் கரி தட்டினேன். கேபிள் முழுதாய் இழுபடுகிறது. இஞ்சினில் ஒரு பிழையும் இல்லை அக்கா.

நேற்றுப் படகை இரண்டு கயிற்றால் ஜெட்டியோடு இறுக்கிக் கட்டிவிட்டு முழு வேகம் கொடுத்துப் பார்த்தேன். பின்னால் தண்ணி கொதித்து எழும்ப வேண்டும். சோறு வேகிற பானை மாதிரி நாலு குமிழி வந்தது. அவ்வளவுதான்.

இனிச் சொல்லத்தான் வேண்டும். உங்கள் கவுண்டருக்கு வந்து எந்த மனுசனாவது "இஞ்சின் ஓடுது, படகு ஓடுதில்லை" என்று சொன்னால் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? "புறொப்பெல்லரைப் பார்த்தியோ?" என்றுதானே. எத்தனை தரம் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். எனக்கு எழுதிய இரண்டு கடிதத்திலும் ராங்கி, குழாய், கேபிள், கியர் எல்லாம் கேட்டீர்கள். தண்ணிக்கடியில் சுழன்று படகைத் தள்ளுகிற அந்தப் புறொப்பெல்லர் என்ற சொல்லே இல்லை. நானும் எழுதவில்லை. இரண்டு பேரும் ஏன் எழுதவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு வருசத்துக்கு மேலாய் ஒரே இடத்தில் நின்ற படகு. அடியில் சிப்பி பிடித்துப் போயிருக்கும். வேறு நாட்டில் என்றால் ஒருவன் குதித்துக் கொஞ்ச நேரத்தில் சுரண்டிவிட்டு வருவான். இங்கே துறைமுகத் தண்ணியில் ஒருவரும் இறங்கக்கூடாது. புலி நீந்தி வரும் என்று நேவிக்காரர் நினைத்த நேரம் தண்ணிக்குள் வெடி போடுகிறார்கள். ஒவ்வொரு வெடிக்கும் படகின் அடி டங்கென்று அடிக்கும், கோப்பை துள்ளும்.

நான் முறைப்படி அனுமதி கேட்கப் போகிறேன். தருவார்கள் என்று நம்புகிறேன். நேர்த்தியைப் பற்றி நீங்கள் அந்தோனியாரோடு கதையுங்கள்.

தம்பி
ரட்ணம்

*

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
03.04.1997

தம்பி,

கேளாதே! அனுமதி கேளாதே! கேட்கிறதே குற்றம். பேசாலைத் தமிழன் துறைமுகத்துக்குள் சுழியோட வேண்டும் என்று நேவிக்காரனிடம் போய்க் கேட்பானா? உனக்கு விசரா?

ஓம், எனக்குத் தெரியும். உன் முதல் கடிதத்தை வாசித்து முடிக்கமுன்பே தெரியும். பில்டர் தேவையில்லை என்று தெரிந்துதான் பில்டர் அனுப்பினேன். இன்ஜெக்டரும் அப்படித்தான். நீ ஒவ்வொன்றாய்க் கழற்றிப் பூட்டிக்கொண்டு இரு, மாதம் முடியட்டும், பட்டியல் செல்லாமல் போகட்டும், பிள்ளை வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்தேன். நீ அங்கே எண்ணெய்க் கையோடு கஷ்டப்பட்டிருப்பாய், அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. தண்ணிக்குள் வெடி போடுகிற இடத்துக்கு என் கையால் உன்னை அனுப்புவேனா?

உடனே பதில் போடு.

அக்கா

*

கொட்டாஞ்சேனை
07.04.1997

ரட்ணம்,

பௌஸி நானா இரண்டு தரம் வந்துபோய்விட்டார், உன் கடிதம் இல்லை. "ஜெட்டியில ஆளைக் காணல்ல தங்கச்சி, வெள்ளைக்காரன் மட்டும் கேட் வாசலில குந்திக்கிட்டு ஈந்தான்" என்கிறார். அதற்கு மேல் மனுசன் என் முகத்தைப் பார்க்கிறாரில்லை.

ஒரு சொல் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

*

காலி
09.04.1997

அன்புள்ள அக்கா,

பயப்பட வேண்டாம், வெளியே வந்துவிட்டேன்.

நீங்கள் கேளாதே என்று எழுதிய கடிதம் வரமுன்பே நான் கேட்டுவிட்டேன். கேட்டவுடன் ஒரு நேவி மாத்தயா, பெரிய அதிகாரி, மிக மரியாதையாய்க் கதிரை தந்து இருக்கச் சொன்னார். பிறகு கதவைப் பூட்டினார்கள். அடிக்கவில்லை, உண்மையாய்ச் சொல்கிறேன். ஆனால் அதே கேள்விதான் அக்கா, எவ்வளவு நேரம் மூச்சடக்குவாய். திரும்பத் திரும்ப அதே கேள்வி. தந்த தேத்தண்ணிக் கோப்பையை நான் இரண்டு கையாலும் பிடித்தேன், அவர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள். ஹென்றிக் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வருத்தக் காலையும் நீட்டிக்கொண்டு, என்னை விடுமட்டும் வாசலில் இருந்திருக்கிறார். பெட்டி ஒபிசரும் எனக்காகக் கதைத்தாராம்.

ஒருவரும் தண்ணியில் இறங்கக்கூடாது, நேவியின் சுழியோடிகளும் தனியார் படகுக்கு வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். சோதனை ஓட்டம் பதினெட்டாம் தேதி. இந்தப் படகு இப்படியே போனால் வாயைத் தாண்டாது.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பதின்மூன்றாம் தேதி ஞாயிறு, சிங்கள வருசப் பிறப்புக்கு முதல்நாள். பாதிப் பேர் லீவில் போய்விடுவார்கள். மத்தியானம் சோறு தின்றுவிட்டு நிற்கிறவனும் கண்ணயர்வான். சத்தமில்லாமல் பின்பக்கத்தால் இறங்கிச் சுரண்டிவிட்டு ஏறிவிடுவேன். வெடி போடாமல் இருந்தால் சரி. போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொட்டாஞ்சேனையில் ஒவ்வொரு விடியலும் கதவைத் தட்டுவார்களா என்று படுத்திருப்பதைவிட இது மேல்.

நேர்த்தி முறிகிற பாவம் என் தலையில். நீங்கள் மீனைத் தொடாமல் இருங்கள், பாதியாவது நிற்கட்டும்.

தம்பி
ரட்ணம்

*

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
10.04.1997

என் செல்லத் தம்பி,

இந்தக் கடிதத்தை நானா உன் கையில் தந்துவிட்டு, நீ வாசித்து முடிக்குமட்டும் பக்கத்தில் நிற்பார். அப்படித்தான் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

உன் கடிதத்தை இன்று காலை வாசித்தேன். அதற்குப் பிறகு கடையில் ஒருவன் கேட்டதற்கு இன்னொன்றைக் கொடுத்தேன், முதலாளி ஏசினார். மத்தியானம் கடை வாசலில் ஒரு திரீவீலர் நின்றுபோயிற்று. ஓட்டுகிறவன் அடியில் ஏதோ பார்க்க வேண்டும் என்றான். பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இரண்டு பேர் ஒரு பக்கத்தில் பிடித்துத் தூக்கி, வண்டியை அப்படியே மற்றப் பக்கம் சரித்து நடுத்தெருவில் படுக்க வைத்தார்கள். அவன் நின்ற நிலையிலேயே அடியைத் திருத்தினான். தினமும் பார்க்கிற காட்சி, இன்றைக்குத்தான் என் மண்டையில் உறைத்தது.

அடே, நீ ஏன் படகுக்குக் கீழே போகிறாய்? படகைச் சரி!

உன் படகுக்கு உயரமாய்ப் பாய்மரம் இருக்கிறதுதானே. அதன் நுனிக்குப் பாய் ஏற்றுகிற கயிறு போகும். அந்தக் கயிற்றை இறக்கி, கப்பி போட்டு, ஜெட்டியில் கட்டி இழு. மரம் சாயும், படகும் சாயும், அடி மேலே வரும். அடியில் ஈயக் கட்டி இருக்கும், இலேசில் சாயாது என்று நீ சொல்வாய். பாரத்தை எல்லாம் ஒரு பக்கம் அடுக்கு. தண்ணிக் கான், நங்கூரச் சங்கிலி, அந்த ஒல்லாந்துக் கிழவர் எல்லாவற்றையும் சரிகிற பக்கத்தில் வை. மிச்சப் பாரத்தை முன்னுக்குத் தள்ளு, பின்பக்கம் எழும்பும். புறொப்பெல்லர் முழுதாய் வெளியே வராது. கை எட்டுகிற தூரத்துக்கு வந்தால் போதும். இஞ்சினுக்குத் தண்ணி எடுக்கிற குழாயையும் சன்னல்களையும் பூட்ட மறக்காதே, தண்ணி ஏறிப் படகு தாண்டுபோனால் அதுவும் என் தலையில்தான் விழும்.

ஒளித்துச் செய்யாதே. பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, அந்த வெற்றிலைக்கார ஒபிசரைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டுச் செய். மனுசன் இறங்கத்தான் தடை. படகு சாய ஒருவரும் தடை போடவில்லை.

கொச்சிக்குப் போகாதே என்று இனிச் சொல்லமாட்டேன். உயிரோடு போ. வேறொன்றும் கேட்கமாட்டேன்.

அக்கா
கொன்ஸ்ரன்ஸ்

*

காலி
19.04.1997

அன்பான அக்கா,

நானா பக்கத்தில் நின்றதோடு விடவில்லை. "வாசிச்சியா? வெளங்கிச்சா? இறங்க மாட்டேண்டு சொல்லு" என்று என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வானில் ஏறினார்.

பதின்மூன்றாம் தேதி பட்டப்பகலில் செய்தோம். பெட்டி ஒபிசர் முதலில் "வத்துரட்ட பஹின்ட எப்பா!" என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "ஒருத்தரும் தண்ணீல இறங்கேல்ல மாத்தயா, படகைத்தான் சரிக்கிறம்" என்று அரைச் சிங்களத்தில் சொன்னேன். யார் சொன்ன யோசனை என்று கேட்டார். கொழும்பில் என் அக்கா, திரீவீலரைப் பார்த்துக் கண்டுபிடித்தது என்றேன். மனுசன் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானும் கயிற்றைப் பிடித்து இழுத்தார். சோஃபி முதலில் அசையமாட்டேன் என்றாள். பிறகு முனகினாள், பிறகு மெல்ல மெல்லச் சாய்ந்தாள். உள்ளே ஹென்றிக்கின் சட்டி பானை எல்லாம் ஒரு பக்கமாய் உருண்டு விழுந்த சத்தம் கடைத்தெருவுக்குக் கேட்டிருக்கும்.

ரப்பர் தோணியில் குப்புறப் படுத்துக்கொண்டு கையை விட்டேன். புறொப்பெல்லர் என்று ஒன்று அங்கே இல்லை அக்கா. பலாப்பழம் ஒன்றைப் பூட்டி வைத்த மாதிரி இருந்தது. இலைக்கு இலை இடைவெளி தெரியாமல் சிப்பியும் பாசியும். பெயின்ட் சுரண்டுகிற தகட்டால் சுரண்டினேன். விரலெல்லாம் கிழிந்தது.

ஒன்று எழுதவா விடவா என்று யோசித்தேன். நீங்கள் சொல்லாமல் வைத்தது போதும், நானும் சொல்லாமல் வைத்தது போதும். சுரண்டிக்கொண்டிருக்கும்போது துறைமுகத்தின் அடுத்த பக்கத்தில், எங்களை அறியாத ஒரு ரோந்துப் படகு வெடி போட்டது. தூரத்தில்தான். தண்ணிக்குள் இருந்த என் கை தோள்வரைக்கும் மரத்துப்போய்விட்டது, தகடு கை நழுவி அடிக்குப் போய்விட்டது. நான் அப்படியே தோணியில் கிடந்தேன். பெட்டி ஒபிசர் ஜெட்டியில் நின்று "மல்லி! மல்லி!" என்று கூப்பிடுகிறார், நான் மற்றக் கையைத் தூக்கிக் காட்டினேன். உடம்போடு உள்ளே இருந்திருந்தால் நான் இல்லை அக்கா.

பிறகு உங்கள் ஸ்வெட்டரைக் கையில் சுற்றிக்கொண்டு மிச்சத்தைச் சுரண்டி முடித்தேன். ஐஸ் பக்டரி ஸ்வெட்டருக்கு ஒரு வேலை வந்தது.

நேற்றுச் சோதனை. கியரைப் போட்டவுடன் சோஃபி துள்ளிய துள்ளில் ஹென்றிக்கின் தொப்பி பறந்தது. வாயைத் தாண்டி வெளியே போய் வட்டமடித்து வந்தோம். நேவி மாத்தயா முத்திரை குத்தினார்.

திங்கள் காலை வெளிக்கிடுகிறோம். கால் இன்றுவரைக்கும் காய்ந்துதான் இருக்கிறது. அம்மாவின் செபமாலை என்னிடம் இருக்கிறது, தேடாதீர்கள். உங்களைத் தனியே விட்டுப் போகிறேன் என்பதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் எழுதவில்லை.

உங்கள்
ரட்ணம்

*

கொச்சி
27.04.1997

அன்பான அக்கா,

நேற்று வந்து சேர்ந்தோம். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏஜென்டைக் கண்டேன், அடுத்த மாதம் ஒரு கப்பல் இருக்கிறதாம். இந்தத் தரம் தபாலில் போடுகிறேன், வேறு வழியில்லை.

சந்தோசமாய் எழுத வேண்டிய கடிதம் இது. ஆனால் எனக்கு நித்திரை வருகுதில்லை.

வியாழக்கிழமை நடுக்கடலில் காற்று ஒரு சொட்டும் இல்லை. இஞ்சினில் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று படகு தவழத் தொடங்கியது. பழையபடி இஞ்சின் கத்துகிறது, படகு போகுதில்லை. எட்டிப் பார்த்தால் அறுந்து மிதந்த மீன்வலை ஒன்று புறொப்பெல்லரில் சுற்றிக் கிடக்கிறது. சரிக்க அங்கே ஜெட்டி ஏது? ஹென்றிக் சட்டையைக் கழற்றினார். அந்த முழங்காலோடு இறங்கினால் கிழவரை நான் திரும்ப ஏற்றமுடியாது.

நான் இறங்கினேன் அக்கா. கால் மட்டுமில்லை, முழு ஆளும்.

கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு போய் வலையை அறுத்தேன். அறுத்து முடிந்த பிறகு உடனே ஏறியிருக்கலாம். ஏறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நேரம் மல்லாந்து மிதந்தேன். துவக்கு இல்லை, வெடி இல்லை, மூச்சைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன், தண்ணியில் அழுதால் ஒருவருக்கும் தெரியாது.

படகில் ஏறின பிறகுதான் பயம் பிடித்தது. நேர்த்தியை முறித்தவன் நான், பலன் உங்கள் தலையில் விழுந்துவிடுமோ என்று. கொட்டாஞ்சேனையில் சுற்றிவளைப்போ, உங்களைக் கூட்டிப்போனார்களோ, நீங்கள் பருப்பைத் தின்றுகொண்டு எனக்காக அங்கே இருக்க நான் இங்கே நேர்த்தியை உடைத்துவிட்டேனே என்று ஒரே நினைப்பு. உடனே ஒரு வரி போடுங்கள். உறையின் பின்பக்கத்தில் இருக்கிற விலாசம் ஏஜென்டுடையது.

உங்கள் பாவித் தம்பி
ரட்ணம்

*

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
08.05.1997

என் தம்பிக்கு,

கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. உறையைப் பிரித்திருக்கிறார்கள், பிரித்தால் பிரிக்கட்டும். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, நல்ல சுகம். ஏசுகிற அளவுக்குச் சுகம்.

நடுக்கடலில் மல்லாந்து மிதந்தானாம்! படகு உன்னை விட்டுவிட்டுப் போயிருந்தால்? இனி இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்கினால் நான் கொச்சிக்கு வந்து காதைத் திருகுவேன்.

நேர்த்தியை முறித்துவிட்டேன் என்று புலம்புகிறாய். எதை முறித்தாய்? இருந்தால்தானே முறிக்க. நீ வெளிக்கிட்டதற்கு அடுத்தநாள் செவ்வாய்க்கிழமை காலை நானா கடைக்கு வந்து, "தங்கச்சி, ஒங்கட தம்பிட படகு நேத்து வாயத் தாண்டிப் போயிட்டு, நான் கரையில நிண்டு பாத்தன்" என்றார். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கொச்சிக்கடைக்கு நடந்து போனேன். சனமென்றால் சனம். வரிசையில் நின்று, முழங்காலில் இருந்து, அந்தோனியாரோடு வாய்விட்டே கதைத்தேன். "அவனுக்கு இனி உங்கட கடல்தான் வழி. கடல்ல போறவனைத் தண்ணீல கால் வைக்காதை எண்டு நான் சொல்லேலாது. நான் வைச்சதை நானே எடுக்கிறன், கோவிக்காதையுங்கோ" என்றேன். பக்கத்தில் இருந்த மனுசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். உனக்கு ஒரு மெழுகுதிரி, எனக்கு ஒன்று, கேட்காமலே ஹென்றிக் கிழவருக்கும் ஒன்று கொளுத்திவிட்டு வந்தேன்.

வருகிற வழியில் பாரை மீன் ஒரு துண்டு வாங்கினேன். புளி விட்டு, மிளகாய்த்தூள் தூக்கலாய்ப் போட்டு, அம்மா வைக்கிற மாதிரியே குழம்பு வைத்தேன். வாசம் பிடித்துக்கொண்டு றோஸி ஓடி வந்தாள். "என்னடி கொன்ஸ்ரன்ஸ், உன்ர வீட்டிலயா மீன்?" என்றாள். இருத்திச் சோறு போட்டேன்.

நீ இறங்கினது வியாழக்கிழமை. நான் மீன் தின்றது செவ்வாய்க்கிழமை. ஆகவே நீ ஒன்றையும் முறிக்கவில்லை. படுத்து நித்திரை கொள்.

மூன்று வருசத்தில் மீன் தின்கிற பழக்கமே விட்டுப்போய்விட்டது. இரண்டாவது வாயிலேயே முள் தொண்டையில் மாட்டியது. கண்ணால் தண்ணி ஓடுகிறது, நிற்கவே இல்லை. றோஸி முதுகில் தட்டித் தட்டிச் சோற்றுருண்டை விழுங்கத் தந்தாள். முள் அப்போதே இறங்கிவிட்டது. ஏன் அழுகிறாய் என்று கேட்டவளுக்கு, முள் இன்னும் இறங்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா
கொன்ஸ்ரன்ஸ்